நனையாத சட்டைக் கை

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் உங்களுக்கும் வாக்குமூலம் எழுதிக்கொள்ள வசதியாக இருக்கும். என் அப்பா சாப்பாட்டு மேஜையில் உப்பு வேண்டுமென்றால்கூட விரலைத்தான் நீட்டுவார். எனக்கு அவர் உடம்பு, அவர் வாய். டீயைக் குடியுங்கள், ஆறிவிடும். சர்க்கரை டப்பா உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. அதையொட்டிக் கிடக்கும் அந்தச் சின்னப் பொருளை மட்டும் தொட வேண்டாம், முள் குத்தும்.

நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "நெவில், அன்னிக்கு உங்க சட்டைக் கை ஏன் நனையல?" நல்ல கேள்வி. ஆம்புலன்ஸ்காரர் யாரோ எனக்குப் போர்வை போர்த்தும்போது கவனித்திருக்க வேண்டும். நான் ஆற்றில் விழுந்தேன், ஹெப்பா என்னைக் காப்பாற்ற வந்து செத்தான் என்று ஊரே பேசுகிறது. விழுந்தவன் கை காய்ந்திருக்கிறதே என்று உங்கள் ஒருவருக்குத்தான் தோன்றியிருக்கிறது. பதில் சொல்கிறேன். ஆனால் கொஞ்சம் முன்னாலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஹெப்பாவை உங்களுக்குத் தெரியும். இந்த ஊரில் அவனைத் தெரியாத நாய்கூட இல்லை. அவன் மர லாரி ஓட்டினான். அவன் கொண்டுவந்து கொட்டும் மரங்களை அறுக்கிற ஆலையில் நான் ரம்பத்துக்குப் பல் தீட்டிக்கொண்டிருந்தேன். ரம்பச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது என்பதால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. விடுமுறை நாளில் ஆற்றுக்குப் போனதும் அதற்காகத்தான். குளிர்காலத்தில் ஏரியிலிருந்து ட்ரவுட் மீன்கள் முட்டையிட ஆற்றில் ஏறும்போது, இடுப்பளவு தண்ணீரில் தனியாக நின்று, தூண்டில் முள்ளில் இறகால் கட்டிய பொய் ஈயை எறிந்து, அது தண்ணீரோடு போவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அங்கே ஒருவனும் என்னிடம் ஒன்றும் கேட்க மாட்டான். ஹெப்பாவும் வருவான். அவன் மேல் மடுவில் நிற்பான், நான் கீழ் மடுவில் நிற்பேன். மத்தியானம் சேர்ந்து உட்கார்ந்து இறைச்சி வைத்துச் சுட்ட ரொட்டி தின்போம். அப்போதெல்லாம் அவன் நல்ல நண்பன்.

அவன் கண் போனது எப்படி என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அன்று தெற்கிலிருந்து காற்று. முள் கண்ணில் படாமலிருக்கப் போடும் காப்புக் கண்ணாடியை நான் வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தேன். அவன் தன்னுடையதைக் கழற்றி நீட்டினான்.

"நீ போட்டுக்கடா. உனக்குத்தான் எப்பவும் குறி தப்பும்."

நான் கேட்கவில்லை, அவனாகத்தான் கொடுத்தான். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான் நூலைப் பின்னால் வீசினேன், காற்று அதைத் திருப்பியது, ஈயக் குண்டு வைத்த ஈ அவனுடைய வலது கண்ணில் போய் நின்றது. கண்ணில் முள்ளோடும் அவன் தன் தூண்டில் கோலைக் கீழே போடவில்லை. ஒரு கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, மறு கையில் கோலைப் பிடித்தபடியே கரையேறினான். சில மாதத்தில் இடது கண்ணும் போயிற்று. அடிபட்ட கண்ணுக்காக நல்ல கண்ணும் அனுதாபப்பட்டுக் கெட்டுப்போகுமாம். டாக்டர் அப்படித்தான் அந்த நோயின் பெயரை விளக்கினார்.

ஆஸ்பத்திரியில் நான் கட்டிலருகே நின்றேன். அவனே என் கையைத் தேடிப் பிடித்தான்.

"பரவால்லடா நெவ். உன் மேல தப்பில்ல."

உண்மையைச் சொன்னால், அன்று எனக்கு ஆறுதலாக இருந்தது. அழுதுவிட்டேன். அதோடு விட்டிருந்தால் இன்று நீங்கள் இந்தச் சமையலறைக்கு வந்திருக்க மாட்டீர்கள்.

அவன் விடவில்லை. அந்த ஈயை டாக்டரிடம் கேட்டு வாங்கித் தொப்பியில் குத்திக்கொண்டான். கிளப்பில் புது முகம் யாராவது வந்தால் தொப்பியைத் தட்டிக் காட்டுவான். "இதுதான் என்னைப் பிடிச்ச ஈ. பிடிச்சவன் அதோ மூலையில நிக்கிறான். பாவம், அவனுக்கு ஒரு பீர் வாங்கிக் குடுங்கப்பா." எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். பதினோரு வருடம் சிரித்தேன். அவன் மனதில் துளி விஷம் கிடையாது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "உன்னாலதான்டா எனக்கு இந்தக் கதி" என்று குடித்துவிட்டாவது திட்டியிருந்தால் நான் அவனை முதுகில் சுமந்துகொண்டு ஆறு முழுக்கச் சுற்றியிருப்பேன். ஹெப்பாவுடைய பொறுமை யாருக்கு வரும் என்று ஊர் சொல்லும். நூலை வாயில் வைத்து நாக்காலேயே முடிச்சுப் போடப் பழகினான். ஒரு முடிச்சுக்கு அரை நாள் ஆனாலும் முணுமுணுக்க மாட்டான். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

கண் போன பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் அவனை ஆற்றுக்குக் கூட்டிப்போவது என் வேலையாயிற்று. யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்காமலே என் தலையில் விழுந்தது. முதல் நாள் தண்ணீரில் இறங்குமுன் அவன் ஒரு ஏற்பாடு சொன்னான்.

"நான் அப்பப்ப 'நெவ்'னு கூப்புடுவேன். நீ 'இங்கதான்'னு சொல்லணும். நீ சொல்லலன்னா தண்ணிக்குள்ள போயிட்டேன்னு அர்த்தம். நான் வந்துருவேன்."

"நீ எப்படிடா வருவ? கண்ணு தெரியாம?"

"குரல் கடைசியா எங்க கேட்டுச்சோ அங்க வருவேன். அதுக்குக் கண்ணு எதுக்கு?"

அது வெறும் பேச்சு என்று நினைத்தீர்களானால் உங்களுக்கு ஹெப்பாவைத் தெரியாது. எனக்குத் தெரியும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்றிலிருந்து நான் பேச ஆரம்பித்தேன். ஒரு எட்டு வை, வழுக்குக் கல், பின்னால் கிளை இருக்கிறது, இடப்பக்கம் வீசு. இதுவாவது தேவை. அவனுக்கு மற்றதும் வேண்டும்.

"மலை எப்படிடா இருக்கு?"

"வெள்ளையா இருக்கு."

"எந்த மாதிரி வெள்ளை?"

"வெள்ளை மாதிரி வெள்ளை."

"கண்ணு இல்லாததுகூட கஷ்டமில்லடா. அதுக்கு மேல உன்னையும் வச்சிக்கிட்டுத் திண்டாடுறேன் பாரு, அதான் கஷ்டம்."

பிறகு நானும் பழகிக்கொண்டேன். மேகம் மலையின் தோள் வரை இறங்கியிருப்பது, எதிர்க்கரையில் நிற்பவன் எந்த நிறச் சட்டை போட்டிருக்கிறான் என்பது, தண்ணீர் பாட்டில் கண்ணாடி மாதிரிப் பச்சையா அல்லது கலங்கலா, எல்லாம் சொன்னேன். வீட்டுக்கு வரும்போது தொண்டைத் தண்ணீர் வற்றியிருக்கும். என் மனைவி ஜூடித் ஏதாவது கேட்டால் தலையைத்தான் ஆட்டுவேன். "உன்கிட்ட இருக்கிற நாலு வார்த்தையையும் புதன்கிழமை ஆத்துல கொட்டிட்டு வந்துடுற. எனக்கு என்ன மிச்சம்?" என்றாள். நேப்பியரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. ஹெப்பாவிடம் சொன்னேன். அவனும் அவன் மனைவி ஹூயாவும் அன்றே ஒரு பானை நிறையச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். அவ்வளவு நல்லவர்கள்.

அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். புல்லெல்லாம் உறைபனி. கோலில் நூல் போகிற வளையங்களில் பனிக்கட்டி கட்டிக்கொண்டே இருந்தது. அடிக்கடி வாயில் வைத்து ஊதிக் கரைக்க வேண்டியிருந்தது. வழக்கமாக நிற்கும் மடுவில் ஆக்லாந்துக்காரர்கள் நான்கு பேர் முந்திக்கொண்டார்கள். அதனால் பாறைச் சுவருக்குக் கீழே உள்ள மடுவுக்குப் போனோம். அங்கே நம் பக்கம் கூழாங்கல் கரை, எதிர்ப்பக்கம் செங்குத்துப் பாறை. மடுவின் கீழ்க்கோடியில் கரையிலிருந்து ஒரு கல் திட்டு நாக்கு மாதிரி ஆற்றுக்குள் நீண்டிருக்கும். இலையுதிர் காலத்து வெள்ளம் அந்தத் திட்டுக்கும் மேலே நின்று தூண்டில் போடுகிற இடத்துக்கும் நடுவே ஆற்றுத் தரையை ஆழமாக அறுத்துக்கொண்டு போயிருந்தது. இறங்குமுன்பே அவனிடம் சொன்னேன்.

"திட்டுக்கு வரணும்னா கரைக்குப் போயி சுத்திக்கிட்டுத்தான் வரணும். நேரா வந்தா பள்ளம். ஆளு மூழ்கும். அதுக்குள்ள தண்ணி திரும்பிப் பாறைக்கு அடியில போவுது."

"சரிடா. நான் எதுக்கு நேரா வரப்போறேன்?"

அவனிடமிருந்து நான் எதையும் மறைக்கவில்லை. பதினோரு வருடத்தில் அவனிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை, அன்றும் சொல்லவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவனுக்கு ஒரு மீனும் அமையவில்லை. வாரா வாரம் ஹூயாவிடம் வெறுங்கையோடு போய், "நெவ் நல்லாத்தான் கூட்டிட்டுப் போனான், மீன்தான் வரல" என்பானாம். அதையும் மறுவாரம் என்னிடம் வந்து சொல்வான். அன்று வெயில் மலைக்கு மேல் வந்த பிறகு அவன் கோல் வளைந்தது.

"பெருசுடா நெவ். இது பெருசு."

மீன் கீழ்நோக்கி ஓடியது. நான் கைவலையை எடுத்துக்கொண்டு கரை வழியாகச் சுற்றி, திட்டின் நுனிக்குப் போய் நின்று குரல் கொடுத்தேன். பக்கவாட்டில் வெள்ளி மின்னும் பெரிய பெட்டை மீன். இத்தனை வருடத்தில் அந்த அளவில் நான் ஐந்தாறுதான் பார்த்திருப்பேன். அவன் அழகாக விளையாட்டுக் காட்டி அதை என் காலடி வரை கொண்டுவந்து சேர்த்தான். கண் இருக்கிற எவனும் அப்படிச் செய்ய முடியாது. நான் குனிந்து வலையை நீட்டினேன். வலையின் விளிம்பு நூலில் பட்டது, நூல் அறுந்தது. வேண்டுமென்று செய்யவில்லை. விரல்கள் மரத்துப்போயிருந்தன. மீன் கொஞ்ச நேரம் தான் விடுபட்டதே தெரியாமல் அங்கேயே நின்றது, பிறகு போய்விட்டது.

"போயிடுச்சா?" என்று கேட்டான்.

"போயிடுச்சு. வலை பட்டுடுச்சு."

அவன் சிரித்தான். அந்த வருத்தத்திலும் சிரித்தான். பிறகு சொன்னான்.

"பரவால்லடா நெவ். உன் மேல தப்பில்ல."

கோபம் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. கோபப்படத் தெம்பு வேண்டும். எனக்கு அசதியாக இருந்தது. திட்டில் வெள்ளம் கொண்டுவந்து போட்ட ஒரு மரக்கட்டை கிடந்தது, அதில் உட்கார்ந்தேன்.

"நெவ்?" என்று கூப்பிட்டான்.

'இங்கதான்' என்று சொல்ல வேண்டும். அதற்கு வாயைத் திறக்க வேண்டும். நான் திறக்கவில்லை. இந்த ஒரு தடவை விட்டுவிடலாம், அடுத்த தடவை சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

அப்போதுதான் ஆற்றின் சத்தம் கேட்டது. பதினோரு வருடமாக என் குரலுக்கு அடியில் கிடந்த சத்தம். கல் மேல் ஓடும் தண்ணீருக்கு ஒரு சத்தம், பாறையில் மோதும் தண்ணீருக்கு வேறு சத்தம். எங்கேயோ நீல வாத்து ஒன்று விசிலடித்தது. நன்றாக இருந்தது. அதை மறைத்துப் பயனில்லை, மிகவும் நன்றாக இருந்தது.

"மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டியா? ஒரு மீனுக்காவாடா?"

நான் பேசவில்லை.

"நெவ், விளையாடாதடா. எங்க இருக்க?"

அவன் முகம் எனக்கு நேராகத் தெரிந்தது. முதலில் சிரிப்பு இருந்தது, பிறகு இல்லை. தலையைச் சாய்த்துக் காது கொடுத்தான். அங்கே பாறைச் சுவர் எல்லாச் சத்தத்தையும் திருப்பி எறியும், அவனுக்கு ஒன்றும் பிடிபட்டிருக்காது.

"பள்ளத்துலயா விழுந்த? நெவ்?"

இந்த இடத்தில் நான் எழுந்து நின்றேன். ஆகவே அசந்துபோய்க் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. அவன் கோலைக் கீழே போட்டதைப் பார்த்தேன். கண்ணில் முள் ஏறியபோதும் கீழே போடாத கோல். அதைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போயிற்று.

"புடிச்சிக்கோ நெவ். எதையாவது புடிச்சிக்கோ. நான் வரேன்."

கரைக்குப் போய்ச் சுற்றி வரவில்லை. இடுப்பில் கட்டியிருந்த ஊன்றுகோலை முன்னால் நீட்டிக்கொண்டு நேராக வந்தான். என் குரல் கடைசியாகக் கேட்ட இடத்துக்கு, அவன் சொன்னது மாதிரியே, ஒரு எட்டுகூடப் பிசகாமல். நடுவில் பள்ளம் இருப்பது அவனுக்குத் தெரியும். நான்தான் சொல்லியிருந்தேனே. தண்ணீர் இடுப்புக்கு வந்தது, மார்புக்கு வந்தது, அவன் என் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தான். எங்களுக்கு நடுவில் இந்தச் சமையலறை அகலம்தான் இருந்தது. 'நில்லு' என்று சொல்லியிருந்தால் நின்றிருப்பான். நான் சொன்னால் எப்போதும் கேட்பான்.

அவன் முழுகினான். ஒரு முறை மேலே வந்தான். நீரோட்டம் அவனைத் திருப்பிவிட்டிருந்ததால் பாறையைப் பார்த்து என் பெயரைக் கூப்பிட்டான். ஆற்றில் இறங்கப் போடும் மார்பளவு ரப்பர் உடுப்புக்குள் அதற்குள் தண்ணீர் நிறைந்திருக்கும். அதற்குப் பிறகு வரவில்லை.

தொப்பி மட்டும் சுழலில் சுற்றித் திட்டை ஒட்டி வந்தது. கைவலையை நீட்டி எடுத்தேன். வலைக்கு நீளமான பிடி. அதனால்தான் சட்டைக் கை நனையவில்லை. உங்கள் கேள்விக்கு இதுதான் பதில்.

தொப்பியை உதறினேன். பிளாஸ்கில் டீ மிச்சம் இருந்தது, அதைக் குடித்தேன். பிறகு வண்டி நிற்கும் இடத்துக்கு நடந்தேன். அங்கே போனால்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். மறுநாள் பாலத்தருகே அவனை எடுத்தார்கள்.

நான் விழுந்தேன் என்று நானாக யாரிடமும் சொல்லவில்லை. பாறைக்கு மேல் பாதையில் நாயோடு போன ஒரு அம்மா, அவன் "நெவ், புடிச்சிக்கோ, நான் வரேன்" என்று கத்தியதைக் கேட்டிருக்கிறாள். மற்றதை ஊரே சேர்த்துக்கொண்டது. நான் மறுக்கவில்லை. நான்தான் பேசுகிறவன் இல்லையே.

அவன் குலத்துப் பெரியவர்கள் ஆற்றுக்குத் தடை போட்டார்கள். யாரும் மீன் பிடிக்கக் கூடாது, தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. ஆள் செத்த ஆற்றுக்கு அதுதான் முறை. ஆறு முழுக்க ஒரு மனிதக் குரல் இல்லை. நான் கரையில் போய் உட்கார்ந்தேன். ஆசைப்பட்டது இதற்குத்தான். ஆனால் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை என் வாய் தானாக 'இங்கதான்' என்று சொல்லிக்கொண்டிருந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

அவர்கள் குலத்தின் கூடத்தில் மூன்று நாள் அவன் உடலை வைத்திருந்தார்கள். அங்கே செத்தவரைப் பற்றிப் பேசுவதில்லை, செத்தவரோடு பேசுவார்கள். நேராக முகத்தைப் பார்த்து, கேட்கிறார் என்பது மாதிரியே பேசுவார்கள். திட்டக்கூடத் திட்டுவார்கள். அவனுடைய மச்சான் ஒருவர், "டேய் ஹெப்பா, எங்கிட்ட இரவல் வாங்கின படகோட துடுப்ப இன்னும் திருப்பிக் குடுக்கல, அதுக்குள்ள என்னடா அவசரம்?" என்றார். பிறகு என் முறை வந்தது. நான் போய் நின்றேன். தலைமாட்டில் அந்தத் தொப்பி இருந்தது.

"இங்கதான் இருக்கேன், ஹெப்பா," என்றேன்.

எல்லாரும் அழுதார்கள். அன்றைக்குப் பேசியவர்களிலேயே நான்தான் நன்றாகப் பேசினேன் என்று பிறகு சொன்னார்கள்.

ஹூயா எழுந்து வந்து அவர்கள் வழக்கப்படி என் மூக்கோடு மூக்கு வைத்து வெகுநேரம் நின்றாள். மூன்று நாள் தூங்காத மூச்சு. தொப்பியிலிருந்த ஈயைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"நீயாவது மிஞ்சினியே, அது போதும். பரவால்ல நெவ். உன் மேல தப்பில்ல."

சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் கிடப்பது அதுதான்.

இப்போது புதன்கிழமைகளில் அவள் சாப்பாடு கொண்டுவருகிறாள். தெருவில் போகிறவர்கள் என் தோளைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். எனக்கு இதற்கு மேல் முடியாது. அதனால்தான் உங்கள் கேள்வியைக் கேட்டதும் கதவைத் திறந்து உட்காரச் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள்: அவன் கூப்பிட்டான், நான் பதில் சொல்லவில்லை. பதில் வராவிட்டால் அவன் பள்ளத்தில் இறங்குவான் என்று எனக்குத் தெரியும். இறங்கினான், நான் பார்த்துக்கொண்டு நின்றேன். நான்தான் கொன்றேன். நீங்கள் மட்டும் தயவுசெய்து பரவாயில்லை என்று சொல்லிவிடாதீர்கள்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? இருங்கள், அதற்கு முன் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள், நியாயத்துக்காகச் சொல்கிறேன். அவன் பாறைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டபோது நான் வாயைத் திறந்துவிட்டேன். இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் கட்டாயம் பதில் சொல்லியிருப்பேன். ஊர் என்னவோ சொல்லட்டும், ஹெப்பாவுக்குப் பொறுமை போதாது.